மூன்று குற்றத்துக்கு ஒரு சாயா

அன்று காலையில் அங்கே நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து ஐந்து வருஷம். முட்டுவரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு.

அந்த வருஷத்து ஊர்த்தலைவர். தொழிலில் பஸ் டிரைவர். மொத்தம் பத்து வீடு. வருஷத்துக்கு ஒரு வீடு தலைமை. அந்த வருஷம் அவருடைய முறை.

டிரைவரின் மனைவி. கையில் ஃபிளாஸ்க்.

எங்கள் முதலாளி. கல்லறைக் கல் செய்யும் பட்டறைக்காரர்.

நெய்யாற்றின்கரைக்காரன். என்னோடு ஒரே விமானத்தில் வந்தவன்.

கடைசியில் நான்.

ஆறு பேரும் விழுந்து கிடந்த கல்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைக் கட்டியவன் நான்.

மார்ச் மாதம். பனி உருகி மலையெல்லாம் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பதினெட்டு அடி நீளம், ஆறு அடி உயரம். நடுவில் வயிறு தள்ளி, அப்படியே கீழ்த்தட்டு வயலில் சரிந்து கிடந்தது. கல்லின்மேல் மண் கஞ்சிபோல வழிந்திருந்தது.

வயல்கார அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் குனிந்தார்.

"உங்களுக்கு வெறுதே சிரமம் தந்துட்டேன்."

விழுந்தது என் சுவர். மன்னிப்புக் கேட்டது அவர்.

அவர்கள் பேசியது ஜப்பான் பாஷை. எனக்கு எழுத வருவது என் பேச்சில்தான். அப்படியே எழுதுகிறேன்.

நான் பாறசாலைக்குக் கிழக்கே, அம்பூரி மலையின் அடிவாரத்துக்காரன். படிப்பு ஏழு வரை. தொழில் கையாலை கட்டுவது. மலைச்சரிவில் மண் இறங்காமல் இருக்கக் கட்டும் கல்சுவர்தான் கையாலை. அம்பூரியில் ரப்பர் நிற்கும் சரிவுகளில் நான் கட்டியது நிறைய உண்டு. பிறகு கருங்கல் குவாரிக்குப் போனேன். அங்கிருந்து கல் வாங்கிய ஜப்பான்காரர் ஒருவர், கல் வேலை தெரிந்த ரெண்டு பேர் வேண்டும் என்றார். ரெண்டு வருஷ விசா. தொண்ணூற்றஞ்சில் போனோம்.

ஜப்பான் என்றால் பெரிய கட்டடம், ரயில் என்று நினைத்திருந்தேன். போய் இறங்கிய இடம் மலை. நாலு பக்கமும் தேவதாரு. நடுவில் படிப்படியாக நெல்வயல். ஒவ்வொரு படியையும் தாங்கி ஒரு கல்சுவர். பார்த்ததும் நெய்யாற்றின்கரைக்காரன் சொன்னான்:

"எலே, நம்மள விமானத்துல ஏத்தி அம்பூரியச் சுத்திக்காட்டி, அம்பூரியிலேயே எறக்கிப்போட்டானுவளே!"

பட்டறைக்கு மேலே ஒரு அறையில் நாங்கள் ரெண்டு பேரும் தங்கினோம். பகலில் கல்லறைக் கல்லை மெருகேற்றும் வேலை. ஞாயிறு விடுமுறை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்கால் சுத்தம் செய்ய, பாதை வெட்ட, சுவர் விழுந்தால் எடுத்துக் கட்ட, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். மண்வெட்டியும் சோறும் அவரவர் கொண்டுவர வேண்டும். நாங்கள் அறையில் தங்குகிறவர்கள். வீட்டுக் கணக்கில் வராதவர்கள். எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த செப்டம்பரில் பெரிய புயல் அடித்தது. வயல்கார அம்மாவின் வயலைத் தாங்கிய சுவர் பதினெட்டு அடி போயிற்று. நெல்லும் போயிற்று. அக்டோபரில் ஊர் கூடியது. கூப்பிடாமலே நான் போனேன்.

"நமக்கு என்னத்துக்குலே?" என்றான் நெய்யாற்றின்கரைக்காரன். "ஞாயிறாச்ச ஒறங்க விடு."

"கையாலை விழுந்து கிடக்கு. கண்டுட்டு ஒறங்கவா?"

போனவன் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த நாலு ஜப்பான் வார்த்தையில், இதுதான் எனக்குத் தொழில், நாலு ஞாயிறு போதும், நீங்கள் கல்லை எடுத்துத் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். டிரைவர் தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நம் ஊரில் கட்டுவதுபோலவே கட்டினேன். ஒரு வரிசைக் கல், பின்னால் மண். மண்ணை நனைத்து, மிதித்து, இடித்து நிறைப்பேன். அம்பூரிச் செம்மண் அப்படி இடித்தால் சிமெண்டுபோல இறுகும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ரெண்டு பருவமழையும் முப்பது வருஷம் அடித்தாலும் அசையாது.

ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். "அப்படியா" என்றார்கள். தலையாட்டினார்கள். நல்ல வேலை என்று பாராட்டுகிறார்கள் என்று எனக்குப் பெருமை. நாலு ஞாயிற்றில் முடித்தேன். வயல்கார அம்மா முள்ளங்கி ஊறுகாய் ஒரு வாளி நிறையத் தந்தார். அந்த மணம் பிடிக்காமல் நெய்யாற்றின்கரைக்காரன் வாளியை ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டான். ரெண்டு வாரத்தில் அவனே எழும்பி எழும்பி எடுத்துத் தின்றான்.

டிசம்பரில் ஒருநாள் காலையில் பாதையோரத்து மண்ணில் ஐஸ் முளைத்திருந்தது. ஊசி ஊசியாக, ரெண்டு இஞ்சு உயரம். ஒவ்வொரு ஊசியும் தலையில் கொஞ்சம் மண்ணைச் சுமந்துகொண்டு நின்றது. மிதித்தால் அப்பளம்போல நொறுங்கும். நெய்யாற்றின்கரைக்காரன் பட்டறைவரை மிதித்துக்கொண்டே வந்தான். நானும் மிதித்தேன். மண் எழும்பி நிற்பதைக் கண்ணால் கண்டேன். என் சுவரின் பின்னாலும் மண்தான் இருக்கிறது என்று தோன்றவில்லை. மண் உறைந்து எழும்பும் என்று என் நாட்டில் யாருக்குத் தெரியும்?

மார்ச்சில் சுவர் கீழே கிடந்தது.

வயல்கார அம்மாவுக்கு ஒரு மகன். டவுனில் வேலை. அந்த மகன் சொல்லியிருந்தார்: ஒரு வருஷம் நெல் போச்சு. இந்த வருஷமும் வயலில் வெள்ளம், அதாவது தண்ணீர், நிற்கவில்லை என்றால் அதில் தேவதாரு நட்டுவிடலாம். அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும். அம்மாவும் சரி என்று ஒத்துக்கொண்டிருந்தார். மே மாதம் முதல் வாரம் வாய்க்காலில் வெள்ளம் திறப்பார்கள். அதற்குள் சுவர் எழும்பினால் வயல். இல்லையென்றால் தேவதாரு.

நான் டிரைவரிடம் சொன்னேன். "நான் கெட்டித் தாறேன்."

"கஷ்டமாச்சே. யோசிப்போம்" என்றார் அவர்.

திரும்பி நடக்கும்போது எனக்கு ஒரு ஆறுதல். "யோசிப்போம்னு சொல்லிட்டாரு" என்றேன்.

நெய்யாற்றின்கரைக்காரன் நின்றுவிட்டான். "மக்கா, அவரு வேண்டாம்னு சொன்னாரு. அத மரியாதையா சொன்னாரு, அவ்வளவுதான். ஒரு வருஷமாச்சு, இதுகூட ஒனக்குப் பிடிகிட்டலியா?"

பாஷையில் அவன் என்னைவிடக் கெட்டி.

மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போன். பாறசாலையில் ஒரு போன் பூத்தில் மனைவி வந்து காத்து நிற்பாள். அந்த ஞாயிறு, சுவர் விழுந்ததை மறைக்க நினைத்தேன். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். "நீங்க கெட்டினதா? நீங்க கெட்டின கையாலையா விழுந்து?"

"விழுந்து."

"பின்ன, கெட்டும்போ அங்க உள்ள ஆளுவ ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"வழியில போறவங்க?"

"ஒருத்தரும் சொல்லல."

"இது என்ன கூத்து! பெருங்கடவிளைச் சந்தைக்குப் போற வழியில நீங்க கெட்டும்போ, மரச்சீனிக் கிழங்கு விக்கப் போறவகூட நின்னு ரெண்டு குத்தம் சொல்லிட்டுல்லா போவா. அங்க உள்ளவங்க ஊமையாக்குமா?"

அவள் கேட்டது விளையாட்டாக. எனக்கு அதுதான் விளங்கியது.

நம் ஊரில் கையாலை தனியாகக் கட்ட முடியாது. வழியில் போகிறவர் அத்தனை பேரும் மேஸ்திரிதான். "எலே, அந்தக் கல்லு சரிஞ்சிருக்கு." "கண்ணு தெரியுமாலே ஒனக்கு?" "ஒனக்க மாமனாரு கெட்டினத போய்ப் பாரு." திட்டுவார்கள். நாம் திருப்பித் திட்டுவோம். அதற்குள் கல்லைத் திருப்பி வைத்திருப்போம். இருபது வருஷம் அப்படித்தான் கட்டினேன். திட்டு இல்லாமல் நான் கட்டிய ஒரே கையாலை இது.

மறுநாள் வேலை முடிந்ததும் வயல்கார அம்மா வீட்டுக்குப் போனேன். நெய்யாற்றின்கரைக்காரனைப் பேச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் மண்ணு நிறச்சது தப்புன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அவர் முகம் சிவந்தது. கதவின் சட்டத்தைப் பார்த்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"டிரைவருக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு உறப்பா நின்னீங்க. தொழில்காரரு. வெளிநாட்டு ஆளு. எங்களுக்காக லீவு நாளு வேல செய்யுதாரு. அவருகிட்ட குத்தம் சொல்லுவமா? உங்க நாட்டுல அப்படி ஒரு வழி இருக்கும்போலன்னு நெனச்சோம்."

நெய்யாற்றின்கரைக்காரன் என்னிடம் தமிழில் சொன்னான்: "மரியாதையிலயாக்கும் சுவரு விழுந்தது."

நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு மரியாத வேண்டாம். குத்தம் வேணும். ஏப்ரல் முடிய நேரம் தாங்க. வாறவங்க எல்லாரும் என்னத் திட்டணும்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்களோடு டிரைவர் வீட்டுக்கு நடந்தார். அவரே கேட்டதால் டிரைவரும் ஏப்ரல் முடிய நேரம் தந்தார்.

திட்டுங்கள் என்றால் திட்டுகிற ஊரா அது? முதல் ஞாயிறு வந்து நின்றார்கள். நான் அடிக்கல் வைத்தேன். தலையாட்டினார்கள். "அப்படியா" என்றார்கள்.

நெய்யாற்றின்கரைக்காரன்தான் வழி கண்டான். அவன் சாயா போடுவான். பாலும் சீனியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்து, உயரத் தூக்கி ஆற்றுவான். அந்த ஊர்க்காரர்களுக்குப் பச்சைத் தேயிலை வெள்ளம்தான் பழக்கம். இவன் சாயாவை ஒருமுறை குடித்த டிரைவர் பிறகு பட்டறைப் பக்கம் சும்மா சும்மா வருவார். இவன் வரப்பிலே ஸ்டவ்வை வைத்துக் கொதிக்கவைத்தான். மணம் எழும்பியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவன் சொன்னான்:

"மூணு குத்தம் சொன்னா ஒரு சாயா. சொல்லாட்டா கெடயாது."

சிரித்தார்கள். கடைசியில் டிரைவரின் மனைவி, துண்டால் வாயை மூடிக்கொண்டு, ஒரு கல்லைக் காட்டினார்.

"அந்தக் கல்லு... கொஞ்சம் தனிச்சு நிக்குதோ?"

"தனிச்சா? ஆடுதா?"

"ஆடுதுன்னு சொல்லல. ஆடுமோன்னு..."

கையை வைத்துப் பார்த்தேன். ஆடியது. எடுத்து மாற்றினேன்.

"ஒண்ணு!" என்று கத்தினான் நெய்யாற்றின்கரைக்காரன். "இன்னும் ரெண்டு!"

அப்புறம் டிரைவரின் மனைவியை நிறுத்த முடியவில்லை. டிரைவர் தொடங்கினார். முதலாளி பட்டறையில் என்னிடம் நாலு வார்த்தைக்குமேல் பேசாதவர். அவர் வந்து, "உன் கல்லு படுத்து ஒறங்குது. நீளத்த உள்ள திருப்பு" என்றார். சரிதான். முகத்து அழகுக்காக நீளத்தை வெளியே காட்டி வைத்திருந்தேன். பத்து கல்லைத் திருப்பினேன். முதுகு ஒடிந்தது. மனசு லேசாயிற்று.

வயல்கார அம்மா கடைசியாக வந்தார். சாயா வேண்டாம் என்றார். என் பின்னால் குவிந்திருந்த மண்ணைக் காலால் தள்ளினார்.

"இத எடுங்க. ஒரு பிடி மண்ணு பின்னால இருக்கப்பிடாது. குளிருல மண்ணு வெள்ளத்தோட உறஞ்சு வீங்கும். கல்லத் தள்ளும். சல்லி போடுங்க. ஒரு முழம் கனத்துக்கு, அடியில இருந்து உச்சிவர. வெள்ளம் எறங்கிப் போவட்டும்."

"சல்லிக்கு எங்க போவ? ஒரு லாரி வேணும்."

சாயா கொதித்துக்கொண்டிருந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். பட்டறைக்குப் பின்னால் கல் உடைத்த சில்லு பல வருஷமாகக் குவிந்து கிடக்கிறது. அதை எடுக்கலாம். ஆனால் கல்லறைக் கல்லில் உடைந்தது. சோறு விளைகிற வயலுக்கு ஆகுமா என்று இழுத்தார்.

வயல்கார அம்மா முதல்தடவையாகச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரருக்க தலைமேல நிக்குத கல்லு அங்க செஞ்சதுதானே? அதுல ஒடஞ்ச சில்லு அவருக்க வயலத் தாங்கட்டும். சும்மா படுத்துக் கெடக்குததுக்கு ஒரு வேலயாச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் சிரித்தார்.

பட்டறையில் இருந்து வயல்வரை சின்ன வண்டிப்பாதை. வீட்டுக்கு ஒரு ஆள், கூடைகூடையாகச் சுமந்தோம். நான் சாயங்காலங்களிலும் போனேன், வெளிச்சம் இருக்கும்வரை. ஒரு வரிசைக் கல், பின்னால் சல்லி. ஒரு வரிசைக் கல், பின்னால் சல்லி. சுவர் மலைப்பக்கம் சாய்ந்து ஏறியது.

டிரைவருக்கு வேலை நாளில் வர முடியாது. அவர் பஸ் அந்த வளைவில் ஒரு நாளைக்கு நாலு தடவை போகும். ஒருநாள் பஸ் மெதுவானது. ஜன்னல் திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட கை வெளியே வந்தது.

"எலே! வலப்பக்கம் மூணாவது கல்லு! கண்ணு தெரியுமாலே ஒனக்கு?"

ஜப்பான் பாஷை இல்லை, அச்சு அசல் பெருங்கடவிளைப் பேச்சு. உள்ளே இருந்த பாட்டிமார் எல்லோரும் என்னைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். பஸ் போய்விட்டது. நெய்யாற்றின்கரைக்காரன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சாயாவுக்குப் பதில் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

வலப்பக்கம் மூணாவது கல் சரியில்லைதான். மாற்றினேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு உச்சிக்கல் வைத்தேன்.

மே மாதம் வெள்ளம் திறந்தார்கள். மதகின்மேல் கொஞ்சம் அரிசிச் சாராயம் ஊற்றி, ரெண்டு தரம் குனிந்து, ரெண்டு தரம் கை தட்டினார்கள். நான் நம் வழக்கத்துக்குக் கும்பிட்டேன். மேல்தட்டில் இருந்து வரிசையாக வயல் நிறைந்து வந்தது. நாலாவது வயல் அந்த அம்மாவுடையது. கரை முட்ட நிறைந்தது.

நாங்கள் கீழே நின்று சுவரைப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. டிரைவரின் மனைவி, "ஐயோ" என்றார்.

சுவரின் அடியில் கல்லுக்கு இடையில் வெள்ளம் கசிந்தது. ஒரு இடம். பிறகு ரெண்டு. பிறகு நெடுக.

வயல்கார அம்மா குனிந்தார். கையில் ஏந்தினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். கண்ணாடிபோல இருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை.

"வெள்ளம் மட்டுந்தான் வருது. மண்ணு அங்கயே இருக்கு" என்றார்.

மேலே ஏறிப் பார்த்தேன். வயலில் வெள்ளம் ஒரு விரலும் குறையவில்லை. அதில் மலை தலைகீழாக நின்றது.

நாற்று நட மகன் வந்தார். சுவரை ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை கையால் தட்டிக்கொண்டே போனார். திரும்பி வந்தார். அவருக்கு நெய்யாற்றின்கரைக்காரன் சாயா நீட்டினான். வயல்கார அம்மா தடுத்தார். "மூணு குத்தம் சொல்லு முதல்ல."

மகன் அரைமணி நேரம் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. "ஏற படி இல்ல."

உண்மை. படி வைக்க மறந்திருந்தேன். அடுத்த ஞாயிறு நாலு நீளக்கல்லைச் சுவரில் செருகிப் படி வைத்தேன். அந்த அம்மா அதில் ஏறி இறங்கிப் பார்த்தார். தேவதாருவைப்பற்றி அப்புறம் மகன் பேசவில்லை.

ஜூனில் மழை. பதினோரு நாள் நிற்காத மழை. காலையில் கம்பத்து ஒலிபெருக்கியில், மலைச்சரிவில் கவனம், கவனம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மேல்பக்கம் ரெண்டு இடத்தில் மண் சரிந்தது. இது அசையவில்லை. அடுத்த குளிரையும் தாங்கியது. விசா முடியும் முன் மார்ச்சில் போய்த் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. பிறகுதான் ஊருக்கு விமானம் ஏறினேன்.

அதற்குமுன் நடந்த அறுப்பைச் சொல்லி முடிக்கிறேன். அக்டோபரில் அறுத்தோம். கதிரை மூங்கில் சட்டத்தில் தொங்கவிட்டு, ரெண்டு வாரம் காயவைத்து, அடித்து, உமி போக்கினோம். முப்பது கிலோ பிடிக்கும் காகிதப் பை. கணவர் இருந்த காலத்தில் அந்த வயல் அதிகம் தந்தது பத்துப் பை என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். களத்தில் ஊர் முழுக்க நின்றது. வீட்டுக்கு ஒரு ஆள் இல்லை, எல்லோரும். டிரைவர் பையைத் தூக்கி வைக்க வைக்க அந்த அம்மா எண்ணினார். எட்டுவரை மெதுவாக. ஒன்பதில் குரல் ஏறியது. பத்தில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நெய்யாற்றின்கரைக்காரன் தமிழில் எண்ணினான். இன்னும் அரிசி இருந்தது. நான் பையின் வாயைப் பிடித்தேன். அந்த அம்மா முறத்தால் அள்ளிப் போட்டார். நிறைந்தது. கட்டினேன். நானே தூக்கி வைத்தேன்.

பதினொன்று.